ஒரு படி மேலே நிற்பவர்

அறுவை சிகிச்சையை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால், என் தலைமுறை மருத்துவர்கள் சட்டென்று தங்கள் யூனிட் சீஃப்பின் பெயரைச் சொல்வார்கள். மேடையில் சொல்ல அதுதான் அழகு. ஆனால் வென்ஃப்ளான் போடவும், புண்ணைக் கழுவிக் கட்டவும், நூலை முடிச்சுப் போடவும், ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றுவலியோடு வந்தவரின் வயிற்றில் எந்த இடத்தைக் கடைசியாகத் தொட வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், எனக்கு இரண்டு வருடம் முன்னால் சேர்ந்த பி.ஜி. அண்ணன் ஒருவர்தான். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவருக்கு முந்தைய அண்ணன். சீஃப் காலை ரவுண்ட்ஸில் கேள்வி கேட்பார். அதற்குப் பதில் சொல்ல எங்களைத் தயார் செய்யும் வேலையை இந்த அண்ணன்மாரும் அக்காமாரும் முந்தின இரவே வார்டில் முடித்திருப்பார்கள்.

தென் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, இவர்களுடைய சரித்திரத்தைத் தேடிப் படிக்க எனக்குப் பொழுது கிடைத்தது. படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவானது. இரண்டரை நூற்றாண்டாக இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கும் பாரத்தில் பெரும்பங்கு, தொழிலை இன்னும் முழுதாகக் கற்று முடிக்காதவர்கள் தோளில்தான் இருந்திருக்கிறது. அவர்களுக்குக் கற்பிக்கவும் கற்றுத்தர வேண்டும் என்ற யோசனை வந்ததோ, நேற்று முன்தினம்தான்.

லண்டனில் நாவிதர்களும் அறுவையாளர்களும் ஒரே சங்கமாக இருந்த காலம் உண்டு. 1745இல் அது இரண்டாகப் பிரிந்தது. வெளியார் சடலம் அறுத்து வகுப்பு நடத்த இருந்த தடையும் அதோடு தளர்ந்தது. மறு வருடமே வில்லியம் ஹன்டர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் உடற்கூறு வகுப்பு தொடங்கினார். பாரிஸில் நடப்பதுபோல மாணவர் ஒவ்வொருவரும் தன் கையாலேயே அறுத்துப் படிக்கலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. ஒவ்வொரு மேசைக்கும் ஒருவர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டுமே, வில்லியம் ஒருவர் எத்தனை மேசைக்குத்தான் போவார்?

1748இல் ஊரிலிருந்து தம்பி ஜான் வந்து சேர்ந்தார். வயது 20. பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. பள்ளிக்கூடப் படிப்பு ஒட்டவில்லை. ஒரு சடலத்தின் கையைக் கொடுத்து, தசைகளைப் பிரித்துக் காட்டு என்றார் அண்ணன். நன்றாக வந்தது. அடுத்து, தமனிகளில் நிறமேற்றிய இன்னொரு கையைக் கொடுத்து, தசையும் கெடாமல் தமனியும் அறுபடாமல் இரண்டையும் வெளியே கொண்டுவரச் சொன்னார். அதுவும் வந்தது. அடுத்த குளிர்கால வகுப்பில் மாணவர்களை மேற்பார்க்கும் பொறுப்பு ஜானிடம் போய்விட்டது. படிக்க வந்து ஒரு வருடம் முடிந்த கையோடு வாத்தியார் ஆகிவிட்டார்.

அறுவை சிகிச்சைக்கு அறிவியல் அடித்தளம் போட்டவர் என்று உலகம் பிற்பாடு கொண்டாடியது இந்த ஜான் ஹன்டரைத்தான். கையால் காட்டச் சொன்னால் மன்னன். வாயால் சொல்லச் சொன்னால் வியர்த்துவிடும். விரிவுரைத் தொடரின் முதல் நாளில் பதற்றம் அடங்க 30 சொட்டு லாடனம், அதாவது அபின் கரைசல், குடித்துவிட்டுத்தான் மேடை ஏறுவாராம். அப்படியிருந்தும் அவரிடம் வந்தவர்களைப் பாருங்கள். அவர் வீட்டிலேயே தங்கிப் படித்தவர் பெரியம்மைத் தடுப்பூசி தந்த எட்வர்ட் ஜென்னர். அவருடைய விரிவுரைகளைக் கேட்ட ஆஸ்ட்லி கூப்பர் 1789இல், 21 வயதில், செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் உடற்கூறு டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனார். விரிவுரையாளர் மேடையில் சொன்னதை மேசையில் வைத்துக் காட்டுவது டெமான்ஸ்ட்ரேட்டரின் வேலை. நம் கல்லூரிகளின் அனாட்டமி துறையில் இன்றைக்கும் இருக்கும் ட்யூட்டருக்கு அவர் பாட்டன் முறை.

உடற்கூறு மேசையில் டெமான்ஸ்ட்ரேட்டர் என்றால், வார்டில் டிரஸ்ஸர். அறுவையாளரின் பின்னாலேயே கட்டுத்துணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பவர். சாதாரண மாணவரைவிட அதிகப் பணம் கட்டித்தான் அந்த இடத்தைப் பிடிக்க முடியும். கவிஞர் ஜான் கீட்ஸ் 1815 அக்டோபரில் லண்டன் கைஸ் மருத்துவமனையில் சேர்ந்து, 1816 மார்ச்சில் வில்லியம் லூக்கஸ் என்பவருக்கு டிரஸ்ஸர் ஆனார். மோசமான அறுவையாளர் என்று பெயரெடுத்தவர் லூக்கஸ். அவர் அறுத்துவிட்டுப் போனதைப் பார்த்துக்கொண்டது கீட்ஸ் போன்ற இருபது வயதுப் பையன்கள். கீட்ஸ் தொழிலை விட்டுவிட்டுக் கவிதைக்குப் போனதில் எனக்கு வியப்பில்லை. மற்ற டிரஸ்ஸர்கள் விடாமல் நின்றார்கள். புதிதாக வருகிறவனுக்குக் கட்டுப் போடக் காட்டிக்கொடுத்தது அவர்கள்தான்.

டிரஸ்ஸர் என்ற அந்தச் சொல் கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. 1835 பிப்ரவரியில் கவர்னர் ஃபிரெடெரிக் ஆடம் காலத்தில் ஜெனரல் ஆஸ்பத்திரியை ஒட்டி மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, நோக்கம் பெரிய டாக்டர்களை உருவாக்குவது அல்ல. கம்பெனிப் படைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அப்பாத்திகரிகளும் டிரஸ்ஸர்களும் வேண்டியிருந்தது. 1850இல் அது கல்லூரி ஆனது. இன்று அதன் பெயர் சென்னை மருத்துவக் கல்லூரி. டிரஸ்ஸர் என்ற பதவி நம் அரசு ஆஸ்பத்திரிகளில் அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நடந்தது வேறு மாதிரி. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் இலங்கைக்கு வந்தார். மறு ஆண்டு மூன்று மாணவர்களோடு மருத்துவ வகுப்பு தொடங்கினார், முதலில் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போனார்கள். கிராமத்து நோயாளி கிராமத்திலேயே கிடந்தார். 1864இல் கிரீன் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். வகுப்பை மாற்றிவிடலாம், புத்தகத்துக்கு எங்கே போவது? மாணவர்களையே உட்காரவைத்து மொழிபெயர்க்கச் சொன்னார். தானும் கூட உட்கார்ந்து திருத்தினார். ட்ரூயிட் எழுதிய அறுவை சிகிச்சைக் கையேடு 1867இல் ‘இரண வைத்தியம்’ என்று வந்தது. கிரேயின் உடற்கூறு நூல் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று வந்தது. அவர் பயிற்றுவித்த மருத்துவர்கள் 60 பேருக்கும் மேல்.

இதை மொழித் தொண்டு என்றே எல்லோரும் பேசுகிறார்கள். வாத்தியார் வேலை பார்த்தவன் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. தனக்குப் பிறகு வரும் வகுப்புக்காக ஒரு மாணவன் புத்தகம் எழுத உட்கார்ந்தால், எதை முதலில் சொல்வது, படிக்கிறவன் எங்கே தடுக்கி விழுவான், எதை விட்டால் நோயாளிக்கு ஆபத்து என்றெல்லாம் யோசித்தாக வேண்டும். கற்பிப்பவன் யோசிக்க வேண்டியவையும் இந்த மூன்றேதான். மானிப்பாயில் மாணவர்களுக்கு யாரும் கற்பித்தல் பாடம் நடத்தவில்லை. ஆனால் அவர்கள் கையில் கொடுத்த வேலையே அந்தப் பாடமாக இருந்தது.

இன்று நாம் அறிந்த ரெசிடென்ட் முறைக்கு ஊர் பால்டிமோர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889 மே மாதம் திறந்தது. அங்கே அறுவைத் துறைக்குத் தலைவராக வந்தவர் வில்லியம் ஸ்டூவர்ட் ஹால்ஸ்டெட், நியூயார்க் பணக்கார வீட்டுப் பிள்ளை. 1878 முதல் 1880 வரை ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் சுற்றி, அங்கே பேராசிரியர்களுக்குக் கீழே உதவியாளர்கள் வருடக்கணக்கில் படிப்படியாக வளர்வதைப் பார்த்து வந்தவர். 1884இல் கொக்கேன் கண்ணை மரத்துப்போகச் செய்யும் என்ற செய்தி வியன்னாவிலிருந்து வந்ததும், அவரும் நண்பர்களும் தங்கள் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்தார்கள். நரம்பை மரக்கவைத்து அறுக்கும் வழி கிடைத்தது. கூடவே போதைப் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. கொக்கேனும், பிறகு மார்ஃபினும், ஆயுள் முழுக்க அவரை விடவில்லை.

அறுவை அரங்கில் ரப்பர் கையுறை பரவியதற்கு அவர்தான் காரணம். கிருமிநாசினி பட்டுத் தன் தியேட்டர் நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனின் கை வெந்துபோகிறதே என்று குட்இயர் கம்பெனியிடம் சொல்லிச் செய்யவைத்தார். 1890இல் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அவருடைய பெரிய காரியம் வேறு. கீழே பயிற்சி மருத்துவர்கள், அவர்களுக்கு மேல் உதவி ரெசிடென்ட்கள், உச்சியில் ஒரே ஒரு தலைமை ரெசிடென்ட் என்று ஒரு கோபுரம் கட்டினார். ஆஸ்பத்திரியிலேயே வாசம், கல்யாணம் கூடாது, எத்தனை வருடம் என்று கெடு கிடையாது. உச்சிக்குப் போனவருக்கு வார்டும் தியேட்டரும் கிட்டத்தட்ட எழுதிவைத்த மாதிரி. ஹால்ஸ்டெட் கோடைக்காலங்களில் மாதக்கணக்கில் வட கரோலினா மலைப் பக்கத்துப் பண்ணைக்குப் போய்விடுவார். ஊரில் இருக்கும்போதும் பல நாள் வரமாட்டார். யாரோ ஒருவர் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லித்தரத்தானே வேண்டும்? தலைமை ரெசிடென்ட் சொல்லித்தந்தார்.

அவர் வந்து ரவுண்ட்ஸ் எடுத்த நாட்களும் சிலாக்கியமாக இல்லை. வயிற்றில் நீர் கோத்தவரைப் புரட்டிப் படுக்கவைத்துத் தட்டினால் மந்தமான சத்தம் இடம் மாறும். ஷிஃப்டிங் டல்னஸ் என்று இரண்டாம் வருட மாணவனுக்கும் தெரிந்த அறிகுறி. ஹால்ஸ்டெட்டின் ரவுண்ட்ஸுக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயரும் அதுதான். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு மந்தம் நகர்ந்துகொண்டே போகுமாம். மாணவர்களுக்குச் சொல்லித்தர வராத மனிதர், வாத்தியார்களை வார்த்தெடுத்தார். அவருக்குத் தலைமை ரெசிடென்ட்களாக இருந்தவர்கள் 17 பேர். அவர்களில் 11 பேர் வேறு ஊர்களில் இதே மாதிரிப் பயிற்சித் திட்டங்களைத் தொடங்கினார்கள். 1904இல் யேல் பல்கலைக்கழகத்தில் பேசியபோது தன் நோக்கத்தைச் சொன்னார்: அறுவையாளர்களை உண்டாக்கினால் மட்டும் போதாது, நாட்டின் நல்ல இளைஞர்களை இந்தத் தொழிலுக்கு இழுக்கக்கூடியவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். 1922இல் பித்தநாளக் கல்லுக்காக அவரே மேசையில் படுக்க நேர்ந்தபோது, அறுத்தவர்கள் அவர் வளர்த்த ஜார்ஜ் ஹ்யூயரும் மான்ட் ரீடும். அவர் பிழைக்கவில்லை. ஆனாலும் உடம்பை ஒப்படைக்க அவர் வேறு கைகளைத் தேடவில்லை.

‘ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்பி’ என்ற வாசகத்தை ஊரெல்லாம் ஹால்ஸ்டெட் தலையில் கட்டுகிறார்கள். அவரிடம் இருந்தவர்கள் எத்தனையோ வருடம் பார்த்து, எத்தனையோ வருடம் கூட நின்று, அப்புறம்தான் கத்தியைத் தனியாகப் பிடித்தார்கள். நம் அட்மிஷன் நாட்களில், ‘நேற்று நீ பார்த்தாயே, இன்று இவனுக்குக் காட்டு’ என்று சொல்லிவிட்டு நகரும் சீஃப்களுக்கு அந்த வாசகம் வசதியாக இருக்கிறது. அதற்கு ஹால்ஸ்டெட்டைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமில்லை.

அந்த 17 பேரில் ஒருவர் ஹார்வி குஷிங், பிற்காலத்தில் மூளை அறுவை சிகிச்சையின் தந்தை. ஹாப்கின்ஸில் 1905இல் திறந்த சோதனைக்கூடத்தில் மாணவர்களுக்கு நாய்களை வைத்து அறுவை வகுப்பு நடத்தினார். அந்தக் கட்டடத்துக்கு வைத்த பெயர் ஹன்டீரியன். லாடனம் குடித்து மேடையேறிய அதே ஹன்டர் பெயர். நாயானாலும் மனித நோயாளிக்குரிய மரியாதை எல்லாம் உண்டு. ஒரு மாணவர் மயக்கம் கொடுப்பார், ஒருவர் அறுப்பார், ஒருவர் உதவுவார். கேஸ் ஷீட் எழுத வேண்டும், அறுவைக் குறிப்பு எழுத வேண்டும், பிழைக்கும்வரை கவனிக்க வேண்டும். செத்தால் ஏன் என்று அறுத்துப் பார்க்க வேண்டும். நோயாளியின் மேல் கை வைக்கும் முன் தவறு செய்துகொள்ள ஓர் இடம் வேண்டும் என்பது அந்த வகுப்பின் சாரம்.

நாற்பது வருடம் கழித்து அதே ஹன்டீரியன் கூடத்தில் வேறொரு வாத்தியார் நின்றார். பெயர் விவியன் தாமஸ். 1910இல் பிறந்த கறுப்பினத்தவர். தச்சு வேலை தெரிந்தவர். மருத்துவம் படிக்கச் சேர்த்துவைத்த பணம் பெருமந்தக் காலத்தில் வங்கி திவாலானபோது போயிற்று. 1930இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரெட் பிளேலாக்கின் சோதனைக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். சம்பளப் பட்டியலில் துப்புரவுப் பணியாளர் என்றுதான் பதிவு. 1941இல் இருவரும் ஹாப்கின்ஸ் வந்தார்கள். உடம்பு நீலம் பாய்ந்து பிறக்கும் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையைத் தாமஸ் நாய்களில் செய்து செய்து பழகியிருந்தார். 1944 நவம்பர் 29 அன்று எய்லீன் சாக்ஸன் என்ற 15 மாதக் குழந்தைக்கு பிளேலாக் அதைச் செய்தபோது, பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் தாமஸை நிற்கவைத்தார். தையல் எந்தப் பக்கம் போக வேண்டும், இடைவெளி எவ்வளவு என்று தோளுக்கு மேலிருந்து அவர் சொல்லச் சொல்ல, பேராசிரியர் தைத்தார்.

அதற்குப் பிறகு ஹாப்கின்ஸ் ரெசிடென்ட்கள் வரிசையாகத் தாமஸிடம் வந்து ரத்தக்குழாய்த் தையல் பழகினார்கள். பின்னாளில் இதய அறுவையில் உலகப் பெயர் எடுத்த டென்டன் கூலி அவர்களில் ஒருவர். தேவையில்லாத அசைவு ஒன்றுகூட இல்லாமல் வேலை செய்ய அவரிடம்தான் பார்த்துக் கற்றேன் என்று கூலி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தாமஸ் எம்.டி. இல்லை. நோயாளியை அறுக்க அவருக்கு உரிமையில்லை. ஆகவே தனக்குத் தெரிந்ததைத் தானே செய்துகாட்டிப் பெயர் வாங்கும் ஆசைக்கே இடமில்லை. அடுத்தவன் கைக்கு வந்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். அவர் நல்ல வாத்தியாராக இருந்ததற்கு இந்த அநீதியும் ஒரு காரணமோ என்று நான் யோசிப்பதுண்டு. அவரிடம் கற்ற அறுவையாளர்கள் பணம் சேர்த்து அவருடைய ஓவியத்தை வரையச் செய்து 1971இல் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். 1976இல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது.

இதுவரை சொன்னவர்கள் எல்லாம் தாமாகவே முளைத்த வாத்தியார்கள். மருத்துவ ஆசிரியருக்கும் பயிற்சி வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தது அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகம். 1950களில் அங்கே ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவரும் ஸ்டீஃபன் ஆப்ரஹாம்சன் என்ற கல்வியியல் பேராசிரியரும் சேர்ந்து, மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களைக் கல்வியியல்காரர்களோடு ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள். ‘உங்கள் மாணவன் இந்தப் பாடம் முடிந்ததும் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும்?’ என்று கல்வியியல்காரர் கேட்டால், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று மட்டுமே யோசித்துப் பழகிய டாக்டர்கள் விழித்திருப்பார்கள். தெரிகிறது, தெரிந்ததை எப்படிச் செய்வதென்று தெரிகிறது, செய்துகாட்டுகிறான், நிஜத்தில் செய்கிறான் என்று நான்கு அடுக்காக 1990இல் மில்லர் வரைந்த முக்கோணம் இன்று மருத்துவக் கல்வி வகுப்பு எங்கே நடந்தாலும் திரையில் வந்துவிடுகிறது.

அந்த அலை நம் பக்கம் வந்தது புதுச்சேரி வழியாக. 1970களின் நடுவில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு ஜிப்மரில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் தொடங்கியது. நாடு முழுவதிலிருந்தும் மருத்துவ ஆசிரியர்கள் அங்கே போனார்கள். உதவிப் பேராசிரியராக இருந்தபோது நானும் இப்படி ஒரு பயிற்சியில் உட்கார்ந்திருக்கிறேன். மைக்ரோ டீச்சிங் என்று ஒன்று வைப்பார்கள். ஐந்தே நிமிடம், ஒரே கருத்து, மற்ற டாக்டர்கள் மாணவர்களாக நடிப்பார்கள், கேமரா ஓடும். என்னோடு வந்த மூத்த அறுவையாளர் ஒருவர் ஹைட்ரோசீல் எடுத்தார். ஊரில் அவர் வகுப்பு என்றால் ஹால் நிறையும். முடிந்ததும் வீடியோவைப் போட்டார்கள். திரையில் ஐந்து நிமிடமும் அவருடைய முதுகுதான் தெரிந்தது. கரும்பலகையோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். “இத்தனை வருஷமா இப்படியா எடுத்தேன்?” என்று அவரே சிரித்தார். மறுநாள் இரண்டாம் சுற்றில் சாக்பீஸையே தொடவில்லை.

1997இல் மருத்துவக் கவுன்சில் கல்லூரிதோறும் மருத்துவக் கல்விப் பிரிவு வேண்டும் என்றது. 2009 முதல் மண்டல மையங்கள் வழியாக ஆசிரியர்களுக்கு அடிப்படைப் பயிற்சி பரவலானது. வேலூர் சி.எம்.சி. அப்படி ஒரு மையம். நல்ல காரியம்தான். ஆனால் பயிற்சிக்குப் போனவர்கள் யார்? உதவிப் பேராசிரியரும் அவருக்கு மேலுள்ளவர்களும். ராத்திரி வார்டில் ஹவுஸ் சர்ஜன் பக்கத்தில் நிற்கும் முதலாண்டு பி.ஜி. அந்தப் பட்டியலிலேயே இல்லை. முதுநிலைப் படிப்பு விதிகள் 2000ஆம் ஆண்டிலிருந்தே, இளநிலை மாணவர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் கற்பிப்பதில் பி.ஜி. பங்கெடுக்க வேண்டும் என்கின்றன. கட்டாயப் பாடங்கள் என்று 2023 விதிகள் தனியே சொல்பவை ஆராய்ச்சி முறை, நெறிமுறை, இதய உயிர்காப்பு. வேலையைக் கொடுத்தாயிற்று, வேலைக்கான பாடத்துக்கு வரிசையில் இடம் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, மாணவர்களுக்குச் சொல்லித்தரும் ரெசிடென்ட்களை அந்தப் பொறுப்புக்குத் தயார்செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனையாகவே வைத்திருக்கிறது.

தயார்செய்வது என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வட அயர்லாந்து அறுவையாளர் ராட்னி பேட்டன் 1998இல் எழுதிய நூலில் நான்கு படிகள் சொன்னார். இங்கிலாந்து ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸின் பயிற்சியாளர் வகுப்புகள் வழியாக அது உலகம் முழுக்கப் போயிற்று. முதலில், வழக்கமான வேகத்தில், வாயே திறக்காமல் செய்துகாட்டு. இரண்டாவது, ஒவ்வொரு அசைவாகப் பிரித்து, ஏன் என்று சொல்லிச் செய். மூன்றாவது, கற்பவன் சொல்ல, நீ செய். நான்காவது, அவன் சொல்லிக்கொண்டே அவனே செய்யட்டும்.

மூன்றாம் படிதான் சூட்சுமம். எங்கள் யூனிட்டில் இரண்டாம் ஆண்டு பி.ஜி. பெண் ஒருவர் ஹவுஸ் சர்ஜனுக்கு ஒற்றைக் கை முடிச்சு சொல்லிக்கொடுப்பதை டூட்டி ரூம் வாசலில் நின்று பார்த்தேன். நாற்காலிக் கைப்பிடியில் கறுப்பு சில்க் நூல். பையன் அதற்கு முன் எத்தனையோ முறை போட்டும் முடிச்சு வழுக்கிக்கொண்டே இருந்தது. நூலை அவர் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

“தம்பி, இப்ப நீ எதுவும் செய்யாத. நீ சொல்லு, நான் செய்றேன்.”

“ஆள்காட்டி விரலால வளைச்சு உள்ள எடுங்கக்கா.”

“எடுத்துட்டேன்.”

“இழுங்க.”

“எந்தக் கை எந்தப் பக்கம்?”

பையன் பேசாமல் நின்றான். அவர் அவனுக்காகக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “கை ரெண்டும் குறுக்கே மாறணுமோ?” என்றான். பிடிபட்டது. முதல் சுற்றுக்கும் இரண்டாம் சுற்றுக்கும் கை பக்கம் மாறாவிட்டால் முடிச்சு தட்டையாக உட்காராது, இழுத்தால் நழுவும். அவன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தவரை யாருக்கும் அது தெரிந்திருக்காது. அவன் வாயால் சொல்லவைத்ததும் ஓட்டை எங்கே என்று தானே வெளியே வந்தது. அந்தப் பெண்ணுக்கு இந்த நான்கு படியை எங்கள் துறையில் ஒரு சனிக்கிழமை மதியம் சொல்லிக்கொடுத்திருந்தோம். அவ்வளவுதான் செலவு.

நான் பழகிய காலத்தில் இதே பாடத்துக்கு வேறு முறை. ரிட்ராக்டர் ஒரு விரல்கடை நழுவினால் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என் விரல் முட்டியில் இறங்கும். தட்டிய கை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்று சொன்னதில்லை. அடிவாங்கி வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம் என்று என் வயதுக்காரர்கள் கேட்பார்கள். கெட்டுப்போகவில்லை. ஆனால் தப்பு செய்தால் சொல்லாமல் மறைக்கக் கற்றுக்கொண்டோம். அறுவை அரங்கில் அதைவிட மோசமான பாடம் கிடையாது.

ஒரு படி மேலே நிற்பவரிடம் பேராசிரியருக்கு இல்லாத சொத்து ஒன்று இருக்கிறது. தான் தடுக்கி விழுந்த இடம் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. இருபது வருடம் முடிச்சுப் போட்ட என் விரலுக்கு, அது எப்படிப் போடுகிறது என்று என்னிடமே சொல்லத் தெரியாது. போன வருடம் கற்றவருக்குச் சொல்லத் தெரியும். எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் பேசாமல் காத்திருக்க வேண்டும், எப்போது கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் தானாக வராது. ஹன்டரின் மேசையிலிருந்து நம் டூட்டி ரூம்வரை நல்ல அண்ணன் வாய்ப்பது அதிர்ஷ்டமாகவே இருந்திருக்கிறது. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தை அதிர்ஷ்டத்திடம் விட்டுவைக்க வேண்டியதில்லை.

நான் கையெழுத்துப் போட்ட பி.ஜி. லாக் புக்குகளில் பார்த்த கேஸுக்குக் கட்டம் உண்டு, அசிஸ்ட் செய்ததற்கு உண்டு, தானே செய்ததற்கு உண்டு, செமினார் எடுத்ததற்கும் உண்டு. ஜூனியர் ஒருவருக்கு ஒரு கைவேலையைக் கற்பித்து, அவர் தனியாகச் செய்வதைப் பார்த்ததற்குக் கட்டம் இல்லை. அதைச் சேர்க்கலாம். அதில் கையெழுத்துப் போடும் உரிமையைச் சீஃப்புக்குத் தராமல், கற்றுக்கொண்ட ஹவுஸ் சர்ஜனுக்கே கொடுக்கலாம். முதல் மாதம் ரொம்ப வேடிக்கையாக இருக்கும். இரண்டாம் மாதத்திலிருந்து யூனிட்டில் யார் நல்ல வாத்தியார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.